மஞ்சள் பிள்ளையும் நீல விளக்கும்



மூன்று வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை. செனாயில் எங்கள் பள்ளிக்கு அடுத்த தோட்டத்து லயத்தில் பிள்ளை பெற்றிருந்த ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பிள்ளையின் தாய் என்னிடம் படித்தவள். நான் போனபோது பாட்டி வாசற்படியில் கால் நீட்டி உட்கார்ந்து, பிள்ளையை மடியில் கிடத்தி, அதன் முகத்தில் இளம்வெயில் படும்படி வைத்துக்கொண்டிருந்தார். பிள்ளை பிறந்து நான்கு நாள். முகம் நல்ல மஞ்சள். நான் குனிந்து, சுற்றியிருந்த துணியை விலக்கி, நெஞ்சில் விரலால் மெல்ல அழுத்தி எடுத்தேன். அழுத்திய இடமும் மஞ்சள். வயிற்றிலும் அப்படியே. பால் குடிக்க எழுப்பினாலும் எழுந்திருக்காமல் தூங்குகிறது என்று தாய் சொன்னாள்.

இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றேன். பாட்டிக்குச் சம்மதமில்லை. “ஏன் டீச்சர், காலையில வெயில் காட்டுனா போதாதா? எங்க காலத்துல லைட்டா வச்சாங்க? நான் பெத்த அஞ்சும் மஞ்சளாத்தான் இருந்துச்சு, எல்லாம் தானா போச்சு” என்றார்.

வாசலில் நின்றபடி அதற்குச் சரியாகப் பதில் சொல்ல அன்று நேரமில்லை. வாடகை வண்டிக்குச் சொல்லிவிட்டு, பிள்ளையின் மாற்றுத்துணிகளை எடுத்துவைப்பதிலேயே இருந்தேன். இன்று வானொலியில் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். பாட்டி கேட்டுக்கொண்டிருப்பார் என்று நம்பிப் பதில் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பாட்டி கேட்டது அறியாமல் கேட்ட கேள்வி அல்ல. பிள்ளைகளை நீல விளக்கில் வைக்கும் இந்த வைத்தியமே வெயிலில்தான் பிறந்தது. அதைக் கண்டதும் ஒரு தாதிதான்.

இங்கிலாந்தில் எசெக்ஸ் மாவட்டத்தில் ரோச்ஃபோர்ட் என்ற ஊரில் ஒரு மருத்துவமனை இருந்தது. அங்கே குறைமாதப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வார்ட் என்ற தாதியிடம் இருந்தது. புழுக்கமான அறையில் அடைத்து வைப்பதைவிட வெளிக்காற்றும் வெயிலும் பிள்ளைகளுக்கு நல்லது என்பது அவர் எண்ணம். வெயில் நன்றாக அடிக்கும் நாள்களில் பிள்ளைகளை முற்றத்துக்குக் கொண்டுபோவார். 1956ஆம் ஆண்டில் ஒரு நாள் டாக்டர்கள் சுற்றிப் பார்க்க வந்தபோது, கொஞ்சம் தயங்கியபடி ஒரு பிள்ளையின் துணியை விலக்கிக் காட்டினார். உடம்பெல்லாம் வெளுத்திருந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் முக்கோண வடிவில் பளிச்சென்று மஞ்சள். ஏதாவது மருந்து பூசினீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றார் தாதி. அந்த முக்கோணம் போர்வையின் முனை மூடியிருந்த இடம். மற்ற இடமெல்லாம் வெயில் பட்டு மஞ்சள் போயிருந்தது.

டாக்டர்கள் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சில வாரம் கழித்து, காமாலை கண்ட ஒரு பிள்ளையின் ரத்தம் இருந்த சோதனைக்குழாய், வெயில் விழுந்த இடத்தில் தவறுதலாகச் சில மணிநேரம் இருந்துவிட்டது. சோதித்துப் பார்த்தால், இருக்க வேண்டிய மஞ்சளைவிட மிகக் குறைவாக இருந்தது. அப்போதுதான் தாதி காட்டிய முக்கோணம் நினைவுக்கு வந்தது. டாக்டர் கிரீமரும் அவருடன் இருந்தவர்களும் மேலும் ஆராய்ந்து, நீல ஒளிக்குத்தான் அந்தச் சக்தி அதிகம் என்று கண்டு, நீலக் குழல்விளக்குகளை வைத்து ஒரு கருவி செய்தார்கள். 1958இல் ‘லான்செட்’ என்ற மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அதற்குப் பிறகும் பத்து ஆண்டுவரை பல நாடுகளில் அதைக் கவனிப்பார் இல்லை. 1968இல் அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்து டாக்டர் லூசியும் அவருடன் இருந்தவர்களும் முறையாகச் சோதித்து எழுதிய பிறகுதான் அது உலகெங்கும் பரவியது. தாதி சொன்னதை அன்றே கேட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவது உண்டு.

சரி, அந்த மஞ்சள் என்ன? அது வெளியிலிருந்து வந்ததல்ல. நம் உடம்பே செய்யும் ஒரு சாயம். பிள்ளைகள் விழுந்து அடிபட்ட இடத்தைப் பார்த்திருப்பீர்கள். முதலில் நீலம் பாரிக்கும், பிறகு பச்சையாகும், கடைசியில் மஞ்சளாகி மறையும். உள்ளே கசிந்த ரத்தத்தின் சிவப்புப் பொருள் சிதைந்து சிதைந்து நிறம் மாறுகிறது. அந்தக் கடைசி மஞ்சளுக்கு பிலிருபின் என்று பெயர். அடிபடாமலே எல்லார் உடம்பிலும் பழைய ரத்த அணுக்கள் நாள்தோறும் அழிந்து இந்தச் சாயம் உண்டாகிறது. பச்சைப்பிள்ளைக்கு ரத்த அணுக்கள் அதிகம், அவற்றின் ஆயுளும் நம்முடையதைவிடக் குறைவு. ஆகவே சாயமும் அதிகம்.

இந்தச் சாயம் எண்ணெய் மாதிரி, தண்ணீரோடு சேராது. செம்பனை எண்ணெய் பட்ட கையை வெறும் தண்ணீரில் கழுவிப் பாருங்கள், போகாது. சவர்க்காரம் வேண்டும். நம் கல்லீரல் இந்தச் சாயத்துக்குச் சவர்க்காரம் போடுவதுபோல ஒரு சர்க்கரைப் பொருளைச் சேர்த்து, தண்ணீரோடு போகும்படி செய்து, பித்தத்தின் வழியாக மலத்தில் தள்ளிவிடுகிறது. பிறந்து சில நாளே ஆன பிள்ளையின் கல்லீரல் இந்த வேலையை இன்னும் சரியாகக் கற்கவில்லை. அதனால் சாயம் ரத்தத்தில் தேங்கித் தோலிலும் கண்ணிலும் தெரிகிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது கொஞ்சமாக வந்து, ஒன்றிரண்டு வாரத்தில் தானாகப் போய்விடும். பாட்டி பெற்ற ஐந்துக்கும் அப்படித்தான் போயிருக்கும்.

நீல ஒளி படும்போது தோலில் இருக்கும் சாயம் அந்த ஒளியை உறிஞ்சுகிறது. உறிஞ்சியதும் அதன் உருவம் முறுக்கி மாறுகிறது. தண்ணீரோடு சேரும் பகுதிகளை அது உள்ளுக்குள் மடித்து வைத்திருந்தது. மடிப்பு விரிந்ததும் சவர்க்காரம் இல்லாமலே கழுவிப்போகும் பொருளாகிவிடுகிறது. கல்லீரல் செய்ய முடியாததை விளக்கு செய்து கொடுக்கிறது.

ஒளி பட்டால் சாயம் சும்மா இருப்பதில்லை என்பதை நீங்கள் சமையலறையிலேயே பார்த்திருக்கலாம். ஊறுகாய்க்கு நிறைய எலுமிச்சம்பழம் பிழிந்துவிட்டு, கையைக் கழுவாமல் வெயிலில் துணி காயப்போடப் போனவர்களுக்கு, ஒன்றிரண்டு நாளில் கையில் எரிச்சலும் கொப்புளமும், பிறகு கறுப்புத் திட்டும் வருவதுண்டு. சாற்றில் சோராலன் என்ற ஒரு பொருள் இருக்கிறது. அது மட்டும் பட்டால் ஒன்றுமில்லை, வெயில் மட்டும் பட்டாலும் அப்படி ஆகாது. இரண்டும் சேர வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கார்போகரிசியிலும் இந்த வகைப் பொருள் உண்டு. தோலில் வெண்புள்ளி விழுந்தவர்களுக்கு அதைக் கொடுத்து வெயில் காட்டுவது நம் நாட்டு வைத்தியர்களுக்குப் பழைய காலத்திலேயே தெரியும். எகிப்தில் வேறொரு செடியை வைத்து இதையே செய்தார்கள். இன்றைய தோல் டாக்டர்கள் மருந்தையும் அளந்து, ஒளியையும் அளந்து கொடுக்கிறார்கள். அளவு தெரியாமல் வீட்டில் பூசிக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் வெந்துபோகும், யாரும் செய்து பார்க்க வேண்டாம்.

ஆசிரியர்கள் நாங்கள் பயன்படுத்தும் சிவப்பு மைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஜெர்மனியில் மியூனிக் நகரில் ராப் என்ற மாணவர், தண்ணீரில் வாழும் ஒரு நுண்ணுயிரின்மேல் ஒரு சாயத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் அது சீக்கிரம் செத்தது, இன்னொரு நாள் நெடுநேரம் உயிரோடிருந்தது. சாயத்தின் அளவு ஒன்றுதான். வேறுபட்டது வெளிச்சம். 1900ஆம் ஆண்டில் அதை எழுதினார். அவருடைய பேராசிரியர் தப்பைனர் 1903இல் ஜெசியோனெக் என்ற தோல் டாக்டருடன் சேர்ந்து, ஈயோசின் என்ற சாயத்தைத் தோல் புற்றின்மேல் பூசி ஒளி காட்டிப் பார்த்தார். சிவப்பு மை செய்யப் பயன்பட்ட சாயம் அது. இந்த வகைச் சாயம் ஒளியை வாங்கி, பக்கத்தில் இருக்கும் பிராணவாயுவை உசுப்பிவிடுகிறது. உசுப்பிய வாயு பக்கத்து அணுவைத் தாக்கிக் கொல்கிறது. இன்று சில தோல் புற்றுக்கும், உணவுக்குழாய்ப் புற்றுக்கும், சில கண் நோய்க்கும் இந்த வைத்தியம் நடக்கிறது.

இதில் ஒரு சங்கடம், ஒளி தோலைத் தாண்டி அதிக ஆழம் போகாது. டார்ச்சு விளக்கை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்தால் சிவப்பு மட்டும் மங்கலாகத் தெரிகிறதல்லவா, நீலமும் பச்சையும் வழியிலேயே நின்றுவிடுகின்றன. அதற்காக விஞ்ஞானிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய துகள்களைச் செய்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் வருவது ஒரு நானோமீட்டர். இந்தத் துகள்களின் கணக்கெல்லாம் அந்த அளவில்தான். நம் ஜோகூர் பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம். அங்கே செய்த ஒரு சோதனை 2012இல் வெளிவந்தது. ஆழமாகப் போகக்கூடிய, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை உள்ளே வாங்கி, அதைச் சாயத்துக்கு வேண்டிய ஒளியாக மாற்றிக் கொடுக்கும் துகள்கள் அவை. சாயத்தையும் அவற்றிலேயே ஏற்றி எலிகளுக்குக் கொடுத்து ஒளி காட்டினார்கள், கட்டி வளர்வது மட்டுப்பட்டது. எலியில் நடந்ததெல்லாம் மனிதருக்கு உடனே மருந்தாகிவிடாது. இப்படி ஏதாவது பெயரைச் சொல்லிப் பணம் பறிக்க வருகிறவர்களிடம் கவனமாக இருங்கள்.

நம் பிள்ளையிடம் திரும்புவோம்.

மஞ்சள் ஒரு சாயம்தானே, கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகட்டுமே என்றால், அளவு மீறினால் அது மூளைக்குள் போய்விடுகிறது. போய்த் தங்கும் இடங்களில் ஒன்று, காதிலிருந்து வரும் நரம்பின் வழி. எங்கள் பள்ளியில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பையன் இருந்தான். நான் கதவைத் தட்டினால் திரும்பிப் பார்ப்பான். கூப்பிட்டால் ஓடி வருவான். ஆனால் சொல்வதெழுதுதல் என்றால் அவன் நோட்டில் வேறு சொற்கள் இருக்கும். நான் “பால்” என்றால் “கால்” என்றோ “வால்” என்றோ எழுதுவான். கவனம் இல்லாத பையன் என்று நானே ஒரு தவணை முழுக்க நினைத்திருந்தேன், அதைச் சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது. பிறகுதான் காது டாக்டரிடம் அனுப்பினோம். அவனுக்குச் சத்தம் கேட்கும், சொல் பிரிந்து கேட்காது. பிறந்த ஐந்தாம் நாள் உள்ளங்கால்வரை மஞ்சளாக இருந்தான் என்றும், கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்று ஏழாம் நாள்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம் என்றும் அவன் தாய் சொன்னார். அப்போது உயிர் பிழைத்ததே பெரிது என்றிருந்ததாம். சில பிள்ளைகளுக்குக் கை கால் கட்டுப்பாடின்றி முறுக்கிக்கொள்ளும், வாழ்நாள் முழுக்க. ஒரு முறை மூளையில் ஏறி அழித்ததை எந்த விளக்கும் திருப்பித் தராது.

இப்போது பாட்டியின் வெயிலுக்கு வருகிறேன். வெயிலில் அந்த நீல ஒளி இருக்கிறது. ஆனால் நாம் எப்படிக் காட்டுகிறோம்? பிள்ளையை நன்றாகச் சுற்றி, முகம் மட்டும் தெரிய, கால்மணி நேரம். ஆஸ்பத்திரியில் இடுப்புத்துணி மட்டும் வைத்து, கண்ணைக் கட்டி, உடம்பு முழுக்கப் படும்படி, ஒரு நாள் இரண்டு நாள் விடாமல் வைக்கிறார்கள். பிள்ளையைத் துணியில்லாமல் அத்தனை நேரம் வெயிலில் போட்டால் என்ன ஆகும்? வெயிலில் தோலைச் சுடும் புற ஊதாக் கதிரும் உண்டு, வெப்பமும் உண்டு. பிள்ளை வாடிப்போகும். நீர் வற்றினால் மஞ்சள் இன்னும் ஏறும். நம் ஜோகூர் வெயிலோ பத்து மணிக்குக் கொளுத்தி, இரண்டு மணிக்கு மழையாகிவிடுகிறது.

வெயிலையே முறையாகப் பயன்படுத்தியும் பார்த்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் நைஜீரியாவின் லாகோஸ் நகரில், மின்சாரம் அடிக்கடி போகும் ஊர் என்பதால், ஒரு தனிவகைப் படலம் போட்ட பந்தலின் கீழே பிள்ளைகளை வைத்தார்கள். அந்தப் படலம் சுடும் கதிரையும் வெப்பத்தில் பெரும் பங்கையும் தடுத்து, நீல ஒளியை உள்ளே விடும். 2015இல் முடிவு வெளிவந்தது, விளக்குக்கு அது குறைந்ததல்ல என்று. ஆனால் அங்கே பந்தல் மட்டுமா இருந்தது? மணிக்கொரு முறை பிள்ளையின் சூடு பார்க்கத் தாதியர் இருந்தார்கள், ரத்தம் சோதிக்க ஆய்வுக்கூடம் இருந்தது. நம் வாசற்படியில் அது இல்லை. எவ்வளவு மஞ்சள் என்று ரத்தம்தான் சொல்லும். நம்மைப்போல் கறுத்த நிறத்தவர் பிள்ளைகளில் கண்ணால் அளப்பது டாக்டருக்கே தவறிப்போகும்.

விளக்கு என்றதும் சில தாய்மார் பயப்படுகிறார்கள். என் இளைய மகனும் அதில் இருந்தவன்தான். நீல வெளிச்சத்தில் பிள்ளை வேறு யாருடைய பிள்ளையோ போலத் தெரிந்தான். கண்ணில் கட்டு, வெறும் உடம்பு. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அழுதேன். ஒரு தாதி வந்து, அழாதீங்க, பால் கொடுக்க நேரமாச்சு என்று அவனை எடுத்து என் கையில் கொடுத்தார். பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது, இன்னும் அடிக்கடி கொடுக்க வேண்டும் என்றார். மலம் இளகி, பச்சையாகப் போனது. சாயம் வெளியே போகிறது, நல்லதுதான் என்றார். அந்த விளக்கு சூடு போடுவதில்லை, சுடும் கதிரும் அல்ல. அளவு மிகவும் மீறிய பிள்ளைகளுக்கு விளக்கு போதாமல் ரத்தத்தையே மாற்ற வேண்டியும் வரும். அந்த நிலைக்கு விடாமல் இருக்கத்தான் முன்பே போவது.

இனி டிரங்குப் பெட்டி. பிள்ளை பிறந்ததும் பாட்டிமார் பெட்டியைத் திறந்து, பல வருஷம் பத்திரமாக வைத்திருந்த மெல்லிய சேலைத்துணியை எடுத்து விரிப்பார்கள். அன்பான பழக்கம். ஆனால் அந்தப் பெட்டியில் பாச்சை உருண்டை இருக்கும். வெள்ளையாக, நெடி அடிக்கும் அந்த உருண்டைதான், மலாய்க்காரர் ஊபாட் கெகாட் என்பார்கள். சில பிள்ளைகளின் ரத்தத்தில் ஜி6பிடி என்ற ஒரு பொருள் பிறவியிலேயே குறைவு. தாய்வழி வருவது, ஆண்பிள்ளைகளில் அதிகம். சீனர், மலாய்க்காரரைவிட நம்மவரிடையே குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை, என் மகனுக்கு இருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளை அந்த உருண்டையின் நெடியைச் சுவாசித்தாலே ரத்த அணுக்கள் கூட்டமாக உடைந்து, ஒரே நாளில் மஞ்சள் ஏறிவிடும். சிங்கப்பூரில் காமாலையால் மூளை கெட்ட பிள்ளைகள் ஒரு காலத்தில் பலர். 1965 முதல் பிறக்கும் பிள்ளைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் இதைச் சோதிக்கத் தொடங்கிய பிறகு அது மிகவும் குறைந்தது. நம் நாட்டிலும் 1980களிலிருந்து அரசாங்க மருத்துவமனைகளில் சோதிக்கிறார்கள். முடிவு என்ன என்று கேட்டு வாங்கி வையுங்கள். குறைவு என்றால் அந்த உருண்டை வீட்டிலேயே இருக்கக் கூடாது, நாட்டு மருந்தும் கடை மருந்தும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. குறைவு இல்லாவிட்டாலும் பச்சைப்பிள்ளைக்கு அந்தப் பெட்டித் துணி வேண்டாம். சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம். அது மஞ்சளைக் குறைக்காது, பிள்ளை தாய்ப்பால் குடிப்பதைத்தான் குறைக்கும்.

வீட்டில் பார்ப்பது எப்படி? லயத்தில் பல அறைகள் இருட்டு. தாமான் வீடுகளில் மஞ்சள் குமிழ்விளக்கு போட்டிருந்தால் எல்லாரும் மஞ்சள்தான். ஆகவே பகலில் சன்னலோரம் கொண்டுவந்து, நெற்றியில், நெஞ்சில், வயிற்றில், காலில் அழுத்தி எடுத்துப் பாருங்கள். கண்ணின் வெள்ளையையும் ஈறையும் பாருங்கள். மஞ்சள் முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். எவ்வளவு கீழே வந்திருக்கிறதோ அவ்வளவு அதிகம். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை அது உச்சத்துக்கு வரும் காலம், பெரும்பாலும் நீங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகுதான். அதனால்தான் கிளினிக்கிலிருந்து தாதிகள் வீடு தேடி வருகிறார்கள். பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வேறு தோட்டத்துக்குப் போகிறவர்கள், எங்கே இருக்கப் போகிறோம் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டுப் போங்கள். பூட்டிய வீட்டைத் தட்டிவிட்டுத் தாதி திரும்பிப் போன கதை எனக்குப் பல தெரியும்.

பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தால், தாதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். மஞ்சள் காலுக்கு வந்துவிட்டாலும், பிள்ளை பால் குடிக்க எழாமல் துவண்டாலும், கீச்சென்று அழுதாலும், முதுகை வில்லாக வளைத்தாலும் அது இரவானாலும் புறப்பட வேண்டிய வேளை. இரண்டு வாரம் கழிந்தும் மஞ்சள் போகாவிட்டால் அது வேறு சங்கதி, அப்போதும் ரத்தம் பார்க்க வேண்டும். மலம் வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி போனால் பித்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். அதற்கு அறுவைச் சிகிச்சை இரண்டு மாதத்துக்குள் நடந்தால்தான் நல்ல பலன்.

அன்று வாசற்படியில் இருந்த பிள்ளைக்கு ரத்தம் பார்த்ததும் உடனே விளக்கில் வைத்தார்கள். இரண்டு இரவு இருந்தது. மூன்றாம் நாள் மாலை வீட்டுக்கு வந்துவிட்டது. ஜி6பிடி குறைவு இல்லை என்று முடிவு வந்திருக்கிறது. பாட்டி ஆனாலும் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாராம். வருகிற ஞாயிறு தொட்டில் போடுகிறார்கள். எனக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறார்.